மனைவியின் சம்மதமும் குடும்ப நலமும்

(நெய்க்காரப்பட்டியில் நடந்த தம்பதியர் கூட்டத்தில் பேசியது)



ஆலை வேலையையும் தோப்பு வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. குடும்ப நலக் கூட்டம் என்றால் மாத்திரை, காப்பர்-டி, ஆபரேஷன் என்றுதான் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதெல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் அவை பலன் தர வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒன்று வேண்டும். ராத்திரி வீட்டுக்குள், "இன்றைக்கு வேண்டாம்" என்று மனைவி சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சிலருக்குக் கூச்சமாக இருக்கும். "இதையெல்லாமா பொது இடத்தில் பேசுவது?" என்று தோன்றும். பேசாமல் மூடி மூடி வைத்ததனால்தான் நோய் உள்ளுக்குள்ளேயே வளர்ந்துவிட்டது. அதனால் மரியாதையோடு பேசுவோம், ஆனால் மறைக்காமல் பேசுவோம்.

ஒரு தாயின் கதை

பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். பல வீடுகளில் பார்த்ததை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு தாய், இரண்டாவது பிரசவமாகி இருபது நாள்கூட ஆகவில்லை. தையல் பிரிந்து, காய்ச்சலோடு சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால், "குடம் தூக்கினேன், வழுக்கி விழுந்துட்டேன்" என்கிறாள். மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அழுகிறாள். "அவரு கேக்கலீங்க. முடியாதுன்னேன். கன்னத்துல ரெண்டு வச்சுட்டு..." அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

அந்தப் புருஷனை வெளியில் பார்த்தால் நல்ல மனுஷன். மண்டிக்கு வெல்லம் ஏற்றுகிறார், கணக்கில் ஒரு பைசா தப்பு கிடையாது, ஊர்ப் பொதுக் காரியத்துக்கு முன்னால் நிற்கிறார். அப்படியானால் வீட்டுக்குள் வந்தவுடன் அவருக்கு என்ன ஆகிறது? மனைவியை அடிக்கிற கணவன்மார்களில் சிலர், அடியோடு நிற்காமல் படுக்கையிலும் பலாத்காரம் செய்வது ஏன்? இதற்கு மனசில் வேர் இருக்கிறது. அந்த வேரைத் தெரிந்துகொண்டால் பிடுங்கவும் வழி தெரியும்.

இது எத்தனை வீட்டில் நடக்கிறது?

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர், கணவனால் அடி உதையோ உடலுறவுக் கட்டாயமோ அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தியா முழுவதும் பார்த்தால், கணவன் உடலுறவுக்குக் கட்டாயப்படுத்தினான் என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நூற்றுக்கு 6 பேர். சொன்னவர்கள்தான் இத்தனை பேர். கொடுமைக்கு ஆளான பெண்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் சொல்லவில்லை, யார் உதவியையும் தேடவில்லை என்று அதே ஆய்வு கூறுகிறது.

இதற்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உத்தரப் பிரதேசத்தில் 1995-96ல் ஐந்து மாவட்டங்களில் 6,632 மணமான ஆண்களிடமே நேரில் கேட்டார்கள். மனைவியைக் கட்டாயப்படுத்திய கணவன்மார்களின் வீட்டில், வேண்டாத கர்ப்பம் மற்ற வீடுகளைவிட அதிகம் என்று தெரிந்தது. பலத்தைக் காட்டி உறவு கொண்டவர்கள் வீட்டில் அது இன்னும் அதிகம். மனைவியைக் கொடுமைப்படுத்துகிறவர்களிடம் வெளியுறவும், பால்வினை நோய்க்கான அறிகுறிகளும் கூடுதலாகக் காணப்பட்டன. சம்மதம் இல்லாத வீட்டில் மாத்திரை எண்ணி என்ன பயன்? நாள் பார்த்து என்ன பயன்?

"குடிதானுங்க காரணம்" என்பது சரியா?

ஊரில் யாரைக் கேட்டாலும், "குடிச்சா அவன் மனுஷனே இல்லீங்க, குடிக்கலேன்னா தங்கம்" என்பார்கள். இதில் பாதி உண்மை. அடிக்கடி குடித்துப் போதையாகிற கணவனைக் கட்டிய பெண்களில் நூற்றுக்கு 70 பேர் கொடுமை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்காத கணவன் வீட்டில் நூற்றுக்கு 23 பேர். இதுவும் அந்தத் தேசிய ஆய்வின் கணக்குதான். குடி கேட்டைக் கூட்டுகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் குடிக்காதவன் வீட்டிலும் 23 பேர் இருக்கிறார்களே, அதற்கு என்ன பதில்?

2013ல் ஐக்கிய நாடுகள் அமைப்பு ஓர் ஆய்வு வெளியிட்டது. நம் பக்கத்து இலங்கை, பங்களாதேஷ், சீனா உட்பட ஆசிய பசிபிக் பகுதியில் 6 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் கேட்டார்கள். ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக ஒப்புக்கொண்டவர்களிடம் (மனைவியைச் செய்தவர்களும் இதில் உண்டு) காரணம் கேட்டபோது, பத்தில் ஏழு பேருக்கு மேல் சொன்ன பதில் ஒன்றுதான்: "எனக்கு வேண்டும், எனக்கு அந்த உரிமை இருக்கிறது." கடைசியாக, மிகக் குறைவானவர்கள் சொன்ன காரணம்தான் குடி.

கரும்பாலையில் கொப்பரை பொங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள். காற்றடித்தால் தீ கூடும். ஆனால் அடுப்புக்குள் சக்கையைத் தள்ளியது காற்று அல்ல. குடி அந்தக் காற்று மாதிரி. அடுப்பில் கிடக்கிற சக்கை என்ன என்று பார்ப்போம்.

மனசில் இருக்கும் ஐந்து காரணங்கள்

முதலாவது, "தாலி கட்டினேன், எனக்குப் பாத்தியம்" என்ற எண்ணம். நிலத்துக்குப் பட்டா வாங்கினது போல மனைவியின் உடம்புக்கும் பட்டா வாங்கிவிட்டதாக நினைப்பது. எல்லா வேரிலும் பெரிய வேர் இதுதான். இந்த எண்ணம் உள்ளவனுக்கு மனைவி "வேண்டாம்" என்று சொன்னால், தன்னுடைய பொருளை யாரோ தடுத்த மாதிரி ஆத்திரம் வருகிறது.

இரண்டாவது, சந்தேகமும் பகையும். "பொம்பளைங்களை நம்பக் கூடாது" என்று மனசில் ஊறிப் போயிருக்கும். அவள் பஸ்ஸுக்கு நின்றால் சந்தேகம், போனில் தம்பியோடு பேசினால் சந்தேகம். ராத்திரி உடம்புக்கு முடியவில்லை என்றால், "வேற எவனை நினைச்சுக்கிட்டு இருக்கே?" என்று கேட்பான். இப்படிப்பட்டவன் உறவை அன்புக்காகக் கேட்பதில்லை. அவளைச் சோதிக்கவும், தண்டிக்கவும், தனக்கு அடங்கியவள் என்று காட்டவும் கேட்கிறான்.

மூன்றாவது, சின்ன வயசில் பார்த்ததும் பட்டதும். அப்பன் அம்மாவை அடிப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த பையன், "ஆம்பளைன்னா இப்படித்தான்" என்று பாடம் படித்துக்கொள்கிறான். முன்னே சொன்ன உத்தரப் பிரதேச ஆண்களிடமும், பெற்றோர் சண்டையைப் பார்த்து வளர்ந்தவர்களே மனைவியை அடக்குவதும் அடிப்பதும் கட்டாயப்படுத்துவதும் அதிகம் என்று தெரிய வந்தது. சிறுவனாக இருந்தபோது தானே அடியும் வேறு கொடுமையும் பட்டவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

நாலாவது, "வேண்டாம்" என்ற சொல்லை அவமானமாக எடுத்துக்கொள்வது. மண்டியில் விலை இறங்கிப் போச்சு, கடன்காரன் நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டான். அந்த அவமானத்தை அங்கே காட்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி களைப்பாக இருக்கிறாள். "இவளுமா என்னை மதிக்கலே?" என்று தோன்றுகிறது. அவள் உடம்பு களைத்திருக்கிறது என்பது அவன் காதில் விழவில்லை. "நீ ஆம்பளை இல்லை" என்று அவள் சொன்ன மாதிரி விழுகிறது. கோபத்தையும் துக்கத்தையும் வாயால் சொல்லத் தெரியாதவனுக்குக் கையும் பலமும்தான் பாஷை ஆகிவிடுகிறது.

ஐந்தாவது, அவள் வலியைப் பார்க்க மறுப்பது. "அவ வேண்டாம்னுதான் சொல்லுவா, மனசுக்குள்ள ஆசை இருக்கும்" என்பான். "அவதானே என்னைக் கோபப்படுத்தினா" என்பான். காலையில் வீங்கின முகத்தைப் பார்த்தாலும், "சரியாப் போச்சு, பூ வாங்கிக் கொடுத்துட்டேன்" என்பான். பழியை எப்போதும் அவள் மேல் போடுகிறவன் தன் தப்பைப் பார்ப்பதே இல்லை. பார்க்காத தப்பைத் திருத்துவது எப்படி?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் காரணங்களில் ஒன்றிரண்டு இருக்கிற எல்லோரும் கொடுமைக்காரர்கள் ஆகிவிடுவதில்லை. அப்பா அடித்ததைப் பார்த்து வளர்ந்து, "என் வீட்டில் இது நடக்கக் கூடாது" என்று உறுதியாக வாழ்கிற ஆண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். அதேபோல, காரணம் தெரிந்துவிட்டதனால் குற்றம் இல்லாமல் போய்விடாது. கை ஓங்கினவன்தான் அதற்குப் பொறுப்பு. அவன் அப்பாவும் பொறுப்பல்ல, சாராயமும் பொறுப்பல்ல, மனைவி நிச்சயமாகப் பொறுப்பல்ல.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. மனைவி உறவுக்கு மறுத்தால் கோபித்து ஏசவோ, காசு கொடுக்காமல் இருக்கவோ, கட்டாயப்படுத்தவோ, வேறு பெண்ணிடம் போகவோ கணவனுக்கு உரிமை உண்டா என்று அந்தத் தேசிய ஆய்வில் ஆண்களைக் கேட்டார்கள். இவற்றில் ஒன்றுக்குமே உரிமை இல்லை என்று நூற்றுக்கு 72 பேர் சொன்னார்கள். ஆகவே, "எல்லா ஆம்பளையும் இப்படித்தான்" என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

கணவன்மார்களுக்குச் சில வார்த்தைகள்

வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து உங்களையே கேட்டுப் பாருங்கள். என் மனைவி என்னிடம் பயமில்லாமல் "இன்னிக்கு வேண்டாங்க" என்று சொல்லக்கூடியவளா? அப்படிச் சொன்ன கடைசி நாளில் நான் என்ன செய்தேன்? ஏசினேனா, இரண்டு நாள் பேசாமல் இருந்தேனா, கையை ஓங்கினேனா? அவள் சும்மா இருப்பது சம்மதத்தினாலா, பயத்தினாலா?

பதில் மனசை உறுத்தினால் அது நல்ல அடையாளம்தான். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

கோபம் ஏறுவது உடம்பிலேயே தெரியும். தாடை இறுகும், காது சுடும், மூச்சு வேகமாகும். அப்போதே எழுந்து வெளியே வந்துவிடுங்கள். களத்துமேடு வரை நடந்துவிட்டு வாருங்கள். கடைப் பக்கம் மட்டும் போக வேண்டாம். குடித்த அன்றைக்கு மனைவியை நெருங்குவதில்லை என்று ஒரு தீர்மானம் வைத்துக்கொள்ளுங்கள். மண்டியில் பட்ட அவமானத்தை வாயால் சொல்லிப் பழகுங்கள். "இன்னிக்கு மனசு சரியில்லை புள்ள" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆண்மை குறைந்துவிடாது.

"ஏனுங்க, இன்னிக்கு உடம்புக்கு முடியலைங்க" என்று அவள் சொன்னால், "சரி, நீ படு புள்ள, பாப்பாவை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பிரசவமாகி ஆறு வாரம் வரை பொறுத்திருங்கள் என்று நாங்கள் சொல்வது அவள் உடம்பு ஆறுவதற்காக. அந்த ஆறு வாரம் பொறுக்கிறவனைத்தான் நல்ல ஆண்பிள்ளை என்று சொல்ல வேண்டும்.

தன்னால் முடியவில்லை என்றால் உதவி கேட்பதில் வெட்கம் இல்லை. குடியை நிறுத்தவும், மன அழுத்தத்துக்கும், சந்தேக நோய்க்கும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார், காசு கிடையாது. ஆனால் குடியை விட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். "எனக்குப் பாத்தியம்" என்ற எண்ணம் உள்ளே இருக்கிற வரைக்கும் தீ அணையவில்லை.

தாய்மார்களுக்கு

அம்மா, இது உங்கள் விதி இல்லை. நீங்கள் சமைத்தது சரியில்லை, பேசியது சரியில்லை என்பதனால் இது நடக்கவில்லை. "அனுசரித்துப் போனால் திருந்திடுவான்" என்று சொல்கிறவர்கள் பேச்சை நம்பி உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

சில அடையாளங்கள் இருந்தால் ஆபத்து அதிகம். அமெரிக்காவில் ஜாக்குலின் காம்ப்பெல் என்ற செவிலியர், இந்த ஆபத்தை அளக்க 1980களில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். அதில் உள்ள முக்கியமான கேள்விகள் இவை: கழுத்தை நெரித்தாரா? கத்தி, அரிவாள் போன்ற ஆயுதத்தைக் காட்டி மிரட்டினாரா? "கொன்னுடுவேன்" என்றாரா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா? ஓயாமல் சந்தேகப்பட்டு எங்கே போனாய், யாரிடம் பேசினாய் என்று காவல் காக்கிறாரா? விருப்பமில்லாமல் உறவுக்குப் பலவந்தம் செய்தாரா? கடைசிக் கேள்வியை நன்றாகக் கவனியுங்கள். அடியோடு பலாத்காரமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடும் என்பதால்தான் அதை அங்கே வைத்திருக்கிறார். இவற்றில் சில உங்கள் வீட்டில் இருந்தால், கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசுகிற கட்டம் தாண்டிவிட்டது. பிரிந்து போகிற நேரத்திலும் ஆபத்து கூடலாம். ஆகவே சொல்லிவிட்டுக் கிளம்பாமல், முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, உதவியோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பாங்கி புத்தகம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

உடம்புக்குச் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கட்டாய உறவு நடந்துவிட்டால், கர்ப்பம் தடுக்க அவசர மாத்திரை உண்டு. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். வெள்ளைப்படுதல், புண், அடிவயிற்று வலி இருந்தால் மறைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். அதை வீட்டில் ஒளித்து வைக்க வேண்டிய தொல்லை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2005ல் நிறைவேறி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், அடி உதையோடு உடலுறவுக் கொடுமையையும் குடும்ப வன்முறை என்று தெளிவாகச் சொல்கிறது. நீதிபதி பாதுகாப்பு உத்தரவு போடலாம், அதே வீட்டில் குடியிருக்க உத்தரவு போடலாம், செலவுக்குப் பணம் வாங்கித் தரலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை ஜெயில்.

2024 ஜூலை 1ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், 18 வயது நிறைந்த மனைவி விஷயத்தில் பலாத்காரக் குற்றப் பிரிவிலிருந்து கணவனுக்கு விலக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் கணவன் என்ன செய்தாலும் கேட்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். கொடுமை செய்தால் அதே சட்டத்தின் 85வது பிரிவில் மூன்றாண்டு வரை தண்டனை உண்டு. பிரிந்து வாழ்கிற மனைவியைப் பலவந்தம் செய்தால் 67வது பிரிவில் இரண்டு முதல் ஏழாண்டு வரை தண்டனை.

2022 செப்டம்பர் 29ல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்த வரை, கணவனின் பலாத்காரமும் பலாத்காரம்தான். அப்படி உண்டான கர்ப்பத்தை 24 வாரம் வரை டாக்டரிடம் சட்டப்படி கலைத்துக்கொள்ளலாம்; போலீசில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கை மருந்து, நாட்டு மருந்து என்று போய் உயிரை விடாதீர்கள்.

உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். உடனடி ஆபத்தென்றால் 112. இலவச வக்கீல் உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமானக் கணக்கு பார்க்க மாட்டார்கள். பழனியில் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. திண்டுக்கல்லில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். எங்கும் போக முடியாவிட்டால், வீட்டுக்கு வருகிற கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது போதும்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மருமகள் முகம் வீங்கி வந்தால், "புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கென்ன" என்று திரும்பிக் கொள்ளாதீர்கள். மகள் தாய்வீட்டுக்கு வந்து நின்றால், "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்று அன்றைக்கே பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள். முதலில் ஒரு வாய் சோறு போடுங்கள், காயத்தைப் பாருங்கள், அவள் சொல்வதை நம்புங்கள். மகனிடம், "அவ வேண்டாம்னா வேண்டாம்தான் சாமி" என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள். சீர்வரிசை பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நமக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் கிடைக்காதா?

திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற அந்தச் சின்னப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன பாடம் படிக்கிறானோ, அதைத்தான் இருபது வருஷம் கழித்து இன்னொருத்தர் வீட்டுப் பெண்ணிடம் ஒப்பிப்பான். அடியையும் பயத்தையும் பார்த்தால் அதையே ஒப்பிப்பான். அம்மா "முடியலை" என்று சொன்னதும் அப்பா எழுந்து போய் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டு வந்து கொடுப்பதைப் பார்த்தால் அதையும் ஒப்பிப்பான்.

கூட்டம் முடிந்ததும் தாய்மார்கள் தனியாகப் பேச விரும்பினால் செவிலியர் உள்ளறையில் இருப்பார். ஆண்கள் பேச விரும்பினால் நான் இங்கேயே இருக்கிறேன். சொன்னது வெளியே போகாது.